ஒரு குடத்துக்கு இடம்

வெள்ளம் எப்படி வந்தது என்று கேட்டால் பட்டணத்தில் எல்லோரும் சொல்வார்கள். எப்படி வடிந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. வந்தபோது அது எல்லோருக்கும் ஒன்றாக வந்தது, போகும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு மாதிரி போனது. ஆற்றோரத்து ஹவுசிங் போர்டில் முதலில் தெருவை விட்டுப் போனது, பிறகு அம்மன் கோயிலை விட்டுப் போனது, ரேஷன் கடையில் அரிசியையும் பருப்பையும் ஒன்றாகக் குழைத்து வைத்துவிட்டுப் போனது, தரைத்தளத்து மார்ட்டினின் டி.வி.க்குள் ஒரு தவளையைக் குடிவைத்துவிட்டுப் போனது. மூலை பிளாக்கில், முதல் மாடியில், பூங்காவனத்தின் வீட்டை விட்டு மட்டும் அது போகவில்லை. இடுப்பளவுத் தண்ணீர் அந்த ஒரு வீட்டுக்குள் நின்றது. கதவை வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதால் வாசல் ஆவென்று திறந்து கிடந்தது. ஆனாலும் நிலைப்படியைத் தாண்டி ஒரு சொட்டு வெளியே வரவில்லை, தட்டில் வெட்டி வைத்த அல்வா மாதிரி வாசலில் நேராக நின்றது.

பூங்காவனம் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவள். அவள் புருஷன் ஏகாம்பரம் மீன்பாடி வண்டி ஓட்டினான். மீனைத் தவிர எல்லாவற்றையும் அந்த வண்டியில் ஏற்றியிருக்கிறான்: பீரோ, சவுக்குக் கட்டை, பிரிட்ஜ், ஒரு முறை முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு நாதஸ்வரக்காரரையே வாத்தியத்தோடு ஏற்றிக்கொண்டு போனான். பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டு பேர், இரண்டு குடம். லாரி வரும் நாட்களில் அவன் கீழேயிருந்து குடத்தைத் தூக்கிவந்து வாசலில் நீட்டுவான், அவள் உள்ளேயிருந்து "குடு" என்று வாங்கிக்கொள்வாள், அவன் அடுத்த குடத்துக்கு இறங்கிப் போவான். அவர்கள் குடித்தனத்தில் பாதி அந்த நிலைப்படியில்தான் நடந்தது.

வெள்ளத்தன்று பிளாக்கில் இருந்த ஜனம் முழுவதும் மொட்டை மாடியில் ஏறி நின்றது. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், குடிக்க மட்டும் ஒரு வாய் இல்லை. எதிர்வீட்டுக் கற்பகத்தின் மகள் பவானி அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். வாந்தியெடுத்து வாந்தியெடுத்து உதடு வெடித்து, அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு தண்ணீர் தண்ணீர் என்று முனகினாள். பூங்காவனம் அதைப் பார்த்துப் பொறுக்காமல் புருஷனிடம் சொன்னாள்.

"யோவ், வூட்ல பச்சைக் கொடத்துல நேத்து புட்ச்ச தண்ணி கீது. மேடை மேலதான் மூடி வெச்சிருக்கேன். அங்கல்லாம் வெள்ளம் ஏறியிருக்காது."

"தோ, எட்தாந்துடறேன்" என்று சொல்லி ஏகாம்பரம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினான். அவன் தலை படிக்கட்டில் இறங்கி மறைவதை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டாவது தண்ணீர் வந்தது.

படகு வைத்துத் தேடினார்கள், முகத்துவாரம் வரை போய்த் தேடினார்கள், ஆஸ்பத்திரிகளில் துணியை விலக்கி விலக்கிப் பார்த்தார்கள். ஏகாம்பரமும் கிடைக்கவில்லை, பச்சைக் குடமும் கிடைக்கவில்லை. மாடியில் அவள் சொன்ன அந்த வார்த்தையை அவளைத் தவிர எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

சேதம் பார்க்க வந்த அதிகாரி மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கச் சொன்னார். மோட்டார் கத்தியது, குழாய் உப்பியது, வாசலுக்கு வெளியே இருந்த குழாயின் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"உறிஞ்சற தண்ணி எங்கய்யா போவுது?" என்று அதிகாரி மோட்டார்க்காரனைத் திட்டினார்.

"எங்கயும் போவல சார். தோ, அங்கியேதான் கீது" என்றான் அவன்.

அதிகாரிக்குப் பார்க்க இன்னும் எத்தனையோ தெருக்கள் இருந்தன. தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு பூசாரி வந்து நிலைப்படிக்கு மஞ்சள் பூசினார், பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார், தர்காவிலிருந்து ஒருவர் வந்து ஓதி ஊதிவிட்டுப் போனார். தண்ணீர் மூவருக்கும் மரியாதை கொடுத்து அசையாமல் நின்றது. சேறு அடியில் படிந்து, சில நாட்களிலேயே தரையின் மொசைக் பூக்கள் தெரியுமளவுக்குத் தெளிந்துவிட்டது.

ஜனங்களுக்கு எதுவும் பழகிவிடும். பட்டணத்து ஜனங்களுக்கு அது இன்னும் சீக்கிரம் பழகும். டம்ளரில் மொண்டு வெளியே கொண்டுவந்தால் நிலைப்படியிலேயே டம்ளர் காலியாகிவிடுகிறது என்று முதலில் தெரிந்தது. உள்ளே இறங்கி முழுக்க நனைந்தவர்கள் வெளியே கால் வைத்ததும் தலைமுடி முதற்கொண்டு காய்ந்துவிடுகிறார்கள் என்று அடுத்துத் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்த மறுநாளே பெண்கள் அழுக்குத் துணி மூட்டைகளோடு வந்துவிட்டார்கள். உள்ளே நின்று சோப்புப் போட்டு அலசி, வெளியே எடுத்தால் துணி மொடமொடவென்று காய்ந்து வரும். பிழிய வேண்டியதில்லை, கொடி தேட வேண்டியதில்லை, மழை வந்தால் மாடிக்கு ஓட வேண்டியதில்லை. எத்தனை அழுக்கைக் கரைத்தாலும் தண்ணீர் மறுநிமிஷம் தெளிந்துவிடும். தபால்காரர், கேஸ்காரர் எல்லோருக்கும் அது அடையாளமாகிவிட்டது. "தண்ணி வூட்டுக்கு மேல் வூடு", "தண்ணி வூட்டுக்கு எதிர் வூடு" என்று விலாசம் சொன்னார்கள். தண்ணி வீட்டுக்குள் இருக்கிறவளைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. துணியைக் கொண்டுவந்தார்கள், துணியைக் கொண்டுபோனார்கள், துணி துவைக்கிற நேரத்தில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அவள் அதற்குள்ளேயே குடியிருந்தாள். கட்டிலைச் செங்கல் அடுக்கி உயர்த்திக்கொண்டாள், ஸ்டவ்வைப் பீரோவின் மேல் ஏற்றினாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து உலை வைத்தாள். வேறு வீடு பார்க்கலாமென்று மண்டபத்து மேனேஜர் சொன்னபோது, நல்லா இருக்கே, நான் எங்கே போவேன், அவர் வந்து தேடமாட்டாரா என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. மேனேஜர்தான் கலங்கிப்போய் அன்றைக்கு அவளைச் சீக்கிரம் அனுப்பினார்.

அவள் கலங்காததற்குக் காரணம் இருந்தது: விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தத் தண்ணீர் அசைந்தது. வாசலருகே முதலில் ஒரு சுழி தோன்றும், இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் ஆள் நடந்தால் இரண்டு பக்கமும் அலை எப்படி விரியுமோ அப்படி விரிந்துகொண்டு அது சமையல் மேடை வரை போகும், அங்கே கொஞ்சம் நிற்கும், பிறகு திரும்பும். வரும்போது போனதைவிட மெதுவாக, கனமான எதையோ தோளில் வைத்துக்கொண்டு வருவதைப்போல வரும். வாசலுக்குக் கையெட்டும் தூரத்தில் வந்ததும் நின்று, அடங்கிவிடும். ஆள் தெரியாது, குடம் தெரியாது, தரையில் நிழல்கூட விழாது. துணி துவைக்க வந்த பெண்கள் அந்த நேரத்துக்கு முன்பே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

பூங்காவனம் மட்டும் இருப்பாள். மண்டபத்தில் அண்டா குண்டா மலையாகக் கிடந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து, நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்து, இரண்டு பக்க நிலையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, அந்த அலை போவதையும் வருவதையும் பார்ப்பாள். அதனோடு பேசுவாள். "இன்னிக்கு ரெட்டைக் கல்யாணம்யா, சாம்பாரு அடிபுட்ச்சிடுச்சு, தேய்ச்சித் தேய்ச்சி வெரலு போச்சு" என்பாள். "ஒன் வண்டிய கோதண்டம் எட்துக்கினு போயிருக்கான், செயின் துருபுட்ச்சிக் கீதாம்" என்பாள். தண்ணீர் அவள் முழங்காலுக்கு முன்னால் வந்து நிற்கும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அது அதற்கு மேல் வரவேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருக்கும். வந்து, தாண்டி, போய்விட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயமாக இருக்கும்.

ஏகாம்பரத்தின் தம்பி கோதண்டம் ஒரு நாள் வந்து வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு பேசினான்.

"அண்ணி, எத்தினி நாளிக்கி இப்டியே? காரியத்த செஞ்சி முட்சிடலாம். அண்ணனுக்கும் ஒரு போக்கு வேணுமில்ல."

"ஒங்கண்ணன் வூட்லதான் கீறாரு, கோதண்டம். தண்ணி எடுக்கப் போனாரு, இன்னும் திரும்பல. அவ்ளதான்" என்றாள் பூங்காவனம். நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. அவன் அவற்றைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இதில் பிளாக்குக்குத்தான் பெரிய சங்கடம். பவானிக்கு வளைகாப்பு வந்தது. பூங்காவனத்தைக் கூப்பிட்டால் குங்குமத்தட்டை நீட்டுவதா, நீட்டாமல் தாண்டிப் போவதா? நீட்டினால் அபசகுனம் என்பவர்கள் இருந்தார்கள், நீட்டாவிட்டால் பாவம் என்பவர்களும் இருந்தார்கள். பேசிப் பேசி ஒரு முடிவுக்கும் வராததால் அவளைக் கூப்பிடாமலேயே விட்டுவிட்டார்கள். யாருக்கும் அவள்மேல் கோபம் கிடையாது, அதுதான் கொடுமை. கோபமாக இருந்தால் குழாயடியில் நாலு வார்த்தை கத்திவிட்டு மறுவாரம் சமாதானமாகியிருக்கலாம். எதிர்வீட்டில் வளையல் குலுங்குகிற சத்தம் கேட்டபடி அவள் அன்று கட்டிலின் மேல் உட்கார்ந்து, தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தயிர்சாதம் சாப்பிட்டாள்.

பிறகு கோடை வந்தது. படகு வந்த அதே தெருவில் புழுதி பறந்தது. ஏரி வற்றி, அதன் நடுவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். குழாயைத் திருகினால் புஸ்ஸென்று காற்று வந்தது. இனி எல்லாம் லாரித் தண்ணீர்தான் என்றானது.

லாரித் தண்ணீருக்கு அந்தக் குடியிருப்பில் ஆள் நிற்பதில்லை, குடம்தான் நிற்கும். லாரி எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாதபோது வேலை வெட்டியை விட்டு யார் நிற்பது? ஆகவே காலையிலேயே குடத்தைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. வரிசை நகரும்போது சொந்தக்காரர் இல்லாவிட்டாலும் பின்னால் இருக்கிறவர் அந்தக் குடத்தைக் காலால் தள்ளி முன்னேற்றிவிடுவார். குடத்தைக் குடம் என்று சொல்லமாட்டார்கள், பேர் சொல்லித்தான் சொல்வார்கள். "பூசாரிக்கு அப்பால மார்ட்டின், மார்ட்டினுக்கு அப்பால பவானி நிக்கிது" என்பார்கள். பவானி அப்போது வீட்டில் பகல் தூக்கம் போட்டுக்கொண்டிருப்பாள். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: தலைக்கு ஒரு குடம்.

பூங்காவனம் இரண்டு குடம் வைத்தாள். தனக்குச் சிவப்புக் குடம். தொலைந்துபோன பச்சைக் குடத்துக்குப் பதிலாக ஒரு மஞ்சள் குடம் வாங்கி, அதன் கழுத்தில் ஏகாம்பரத்தின் பழைய துண்டிலிருந்து ஒரு கிழிசலைக் கட்டி, சிவப்புக்குப் பின்னால் வைத்தாள். லாரி ஒழுங்காக வந்த நாட்களில் யாரும் அதைக் கேட்கவில்லை. ஏகாம்பரம் வரிசையில் நின்றான், வரிசை நகரும்போது நகர்ந்தான், அவன் பங்கு தண்ணீர் அவனுக்குக் கிடைத்தது.

லாரி நாலைந்து நாளைக்கு ஒரு முறை என்றானபோது பவானி பெண் குழந்தை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்ற வீட்டில் எத்தனை தண்ணீர் இருந்தாலும் போதாது. அன்று லாரியில் பாதிதான் இருந்தது, கற்பகத்தின் முறை வருவதற்குள் முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது, கற்பகத்துக்கு முன்னால் அந்த மஞ்சள் குடம் நின்றது. கற்பகம் அதைக் காலால் தள்ளினாள். வழக்கமாக முன்னால் தள்ளுவார்கள். அவள் பக்கவாட்டில் தள்ளினாள்.

"தலைக்கு ஒரு கொடம்னுதான் பேச்சு. தல எங்கக்கா? காட்டு பாப்போம்" என்றாள்.

காலிக் குடம், லொடலொடவென்று உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. யாரும் அதை எடுக்கவில்லை, யாரும் கற்பகத்தை அதட்டவில்லை, எல்லோரும் தங்கள் குடத்தின் வாயையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூங்காவனம் தன் சிவப்புக் குடத்தை மட்டும் வரிசையிலிருந்து எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்காமலேயே படியேறிப் போய்விட்டாள். யாருக்காக அவன் இறங்கிப் போனானோ அந்தப் பெண்ணின் அம்மா கேட்ட கேள்வி அது.

அன்றோடு லாரி நின்றது. வரும் வரும் என்றார்கள், வரவில்லை. கிணறு தோண்டினால் உப்பு வந்தது. கடைகளில் தண்ணீர்ப் பாக்கெட் தீர்ந்தது. மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். குடியிருப்பு முழுவதும் முதல் மாடியின் அந்த வாசலை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தது. தெளிந்த தண்ணீர், இடுப்பளவு, ஒரு வீடு நிறைய. வெளியே கொண்டுவர முடியாது என்று தெரியும். உள்ளே போய்க் குடித்துவிட்டு வரலாமே என்று ஒருவர் சொல்லிப் போய்ப் பார்த்தார்; குடிக்கும்போது தொண்டை குளிர்ந்தது, வாசலைத் தாண்டியதும் பழையபடி வறண்டது. இனி அவளைத்தான் கேட்க வேண்டும். அந்தக் குடம் உருண்டதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யார் போய்க் கேட்பது?

வந்தவர் மார்ட்டின் ஒருவர்தான், அவரும் தண்ணீர் கேட்க வரவில்லை. அவர் வேறொரு புகாரோடு மாடியேறி வந்தார். அவள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கிற வயசான மனிதர், தனிக்கட்டை, வெள்ளத்துக்குப் பிறகு மேல்கூரையைப் பார்த்தபடி கட்டிலிலேயே கிடப்பவர்.

"எம்மா பூங்காவனம், ஒன் தண்ணி என் வூட்ல ஒரு சொட்டு ஒழுவல, அத நான் குறையே சொல்லமாட்டேன். ஆனா சாயங்காலம் ஒன் வூட்டுக்காரர் நடக்கறது எனக்குக் கீழ கேக்குதும்மா. போறாரு, சரி. வராரு, சரி. வாசலாண்ட வந்து நின்னுடறாரு. குறுக்க யாராச்சும் குந்திகினு இருந்தா நாம நிப்போமே, அந்த மாரி. அடுத்த அடி இப்ப வுழும் அப்ப வுழும்னு நானும் கண்ண மூடாம படுத்துக்கினு கீறேன், வுழறதே இல்ல. பெரிய இம்சையா கீதும்மா."

சொல்லிவிட்டு, சொன்னதே போதும் என்று இறங்கிப் போய்விட்டார். பூங்காவனம் நிலைப்படியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் இரண்டு நிலைகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றையே அவள் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் வெயில் தாளாமல் கண்ணயர்ந்து எழுந்தபோது வாசலில் ஒரு நீலக் குடம் நின்றது. அது கற்பகத்தின் குடம். கற்பகம் இல்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நீலக் குடத்துக்குப் பின்னால் பவானியின் குடம், அதற்குப் பின்னால் ஒரு சின்னச் சொம்பு, புதிதாக வந்த தலைக்கு. அதற்குப் பின்னால் பூசாரி, மார்ட்டின், இஸ்திரிக்காரர், அவர் சம்சாரம். படிக்கு ஒன்றாகக் குடங்கள் இறங்கிப் போயின. பூங்காவனம் அவற்றை ஒட்டியே படியிறங்கிப் போனாள். முற்றத்தில், வெயிலில், நிழலுக்குக்கூட ஆள் இல்லாமல், குடங்கள் மட்டும் வரிசையாக நின்றன. கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. முகத்தைக் காட்ட வெட்கப்பட்டவர்கள் குடத்தை அனுப்பியிருந்தார்கள்.

வரிசையின் கடைசியில் மஞ்சள் குடம் நின்றது. சாக்கடைச் சேறு போகத் தேய்த்துக் கழுவியிருந்தது. எந்தத் தண்ணீரில் கழுவினார்களோ! கழுத்தில் துண்டுக் கிழிசல் புதிதாக முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

அவள் அங்கேயே வெயிலில் உட்கார்ந்து அதன் வாயில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து மேலே போனாள்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. அவள் நிலைப்படியில் உட்கார்ந்து கற்பகத்தின் நீலக் குடத்தை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தாள், அது மிதந்தது. வாசலருகே சுழி தோன்றியது. அலை சமையல் மேடைக்குப் போனது, நின்றது, திரும்பியது.

"நான்தான் வழிய மறிச்சிக்கினு குந்தினு இருந்தேனா?" என்றாள் பூங்காவனம். "இத்தினி நாளா சொல்லக்கூடாதாய்யா? பாவி, வெய்ட்டத் தூக்கிக்கினு நின்னுக்கினே இருந்தியா?"

அவள் எழுந்து, நிலைப்படியை விட்டு விலகி, சுவரோடு ஒட்டி வெளியே நின்றாள். கையை நீட்டினாள்.

"குடு" என்றாள்.

அலை மெதுவாக வந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தில் அது நிற்கவில்லை. நீலக் குடம் நிலைப்படியைத் தாண்டி அவள் கைக்கு வந்தபோது விளிம்பு வரை தண்ணீர் இருந்தது, கனத்தில் அவள் ஒரு அடி தடுமாறினாள், தளும்பிய தண்ணீர் அவள் புடவையில் கொட்டியது, கொட்டிய இடம் காயாமல் ஈரமாகவே இருந்தது.

"கற்பகம்! ஒன் கொடம் ரொம்பிடுச்சி பாரு" என்று கூப்பிட்டாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கற்பகம் வந்து குடத்தைப் பார்த்தாள், ஈரப் புடவையைப் பார்த்தாள், வாயைத் திறந்து "அக்கா" என்றாள், அழுதுவிட்டாள்.

"மொதல்ல கொயந்தைக்கி வெந்நி வெச்சிக் குடு. அப்பால அய்வியாம்" என்றாள் பூங்காவனம்.

அன்று தொடங்கி அவள் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். ஜனங்கள் மெதுவாகக் குடங்களோடு தாங்களும் வரத் தொடங்கினார்கள். தண்ணீர் இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது, தொடையிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது, சாயங்கால அலையும் அதோடு சேர்ந்து சிறுத்துக்கொண்டே வந்தது. அது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். முழங்கால் அளவுக்கு வந்த அன்று அவளால் முடியவில்லை. நாள் முழுவதும் குடங்களைத் தொடாமல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இவர்கள் தாகம் தீர்ந்தால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று வாய்விட்டே கேட்டாள். வாசலில் குடங்கள் நின்றன, குடங்களோடு வந்தவர்களும் நின்றார்கள். சாயங்காலம் அலை மேடைக்குப் போய்த் திரும்பி வந்தது. வாசலில் நின்றது. அடங்கவில்லை, வெளியே போகவும் இல்லை. கை மாற்ற ஆள் வராமல் குடத்தோடு நிற்கிறவனைப்போல அங்கேயே அலைந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து போய் முதல் குடத்தை எடுத்தாள்.

பிறகு கணுக்கால். பிறகு மொசைக் பூக்களின் மேல் ஒரு விரல் தண்ணீர். எல்லோருடைய குடமும் நிறைந்து, முற்றத்தில் மஞ்சள் குடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அன்று அலை வரவில்லை, வர ஆழம் இல்லை. பூங்காவனம் மண்டியிட்டுக்கொண்டு, டம்ளரால் மூலை மூலையாக மொண்டு, கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்கு அடியிலும் கையால் தள்ளித் தள்ளிக் கூட்டி அதை நிரப்பினாள். குடம் சரியாக நிறைந்தது, தரை காய்ந்தது.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் மொட்டை மாடிக்கு ஏறினாள். வெள்ளத்தன்றுக்குப் பிறகு அவள் அங்கே போனதே இல்லை. யாரும் இல்லை, இரண்டு கொடியில் துணிகள் தொங்கின, ஆறு இருந்த பக்கம் மணல் சிவந்து கிடந்தது. அன்றைக்கு நின்ற அதே மூலையில் உட்கார்ந்து, டம்ளரில் ஊற்றி, ஒரு வாய் குடித்தாள்.

அதில் ஆறு இல்லை, சேறு இல்லை, சோப்பு இல்லை. மருந்து வாடை லேசாக அடிக்கிற, ஒரு ராத்திரி மூடி வைத்துக் குளிர்ந்த, சாதாரண லாரித் தண்ணீர். வெள்ளத்துக்கு முந்தின நாள் பச்சைக் குடத்தில் அவள் பிடித்து வைத்த தண்ணீர்.

"எட்தாந்துட்டியா?" என்று கேட்டாள். பிறகு குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கீழே எல்லோருக்கும் கேட்கும்படி, செத்த வீட்டில் அழுகிற மாதிரி ஓவென்று அழுதாள். கதவுகளைத் திறந்துகொண்டு எல்லோரும் படிக்கட்டு வரை வந்தார்கள். மேலே யாரும் ஏறவில்லை. அவள் அழுது முடிக்கும் வரை அங்கேயே நின்றார்கள்.

கட்டிலுக்கு அடியிலிருந்த செங்கற்களை அவள் எடுத்துவிட்டாள். காய்ந்த தரையில் நடந்தபோது அவளுடைய காலடிச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. இரண்டாவது நடை எப்போது கேட்கும் என்று மார்ட்டின் இரண்டு மூன்று சாயங்காலம் காது கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் நன்றாகத் தூங்கிப்போனார். எழுந்ததும் ஏனோ அவருக்கு வருத்தமாக இருந்தது. கோதண்டம் வந்தான். அவள் அவனிடம் காரியத்துக்கு ஒரு நாள் பார்க்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு லாரி வந்தது. வரும் என்ற செய்தி கேட்டு விடியும்போதே முற்றத்தில் குடங்கள் நிற்க ஆரம்பித்தன. பூங்காவனம் இறங்கி வந்தாள். வெறும் நெற்றியோடு வந்தாள், கையில் ஒரே ஒரு சிவப்புக் குடம் இருந்தது. அதை வரிசையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். அடுத்து வந்த கற்பகம் தன் நீலக் குடத்தை வைக்கக் குனிந்தாள், நிமிர்ந்தாள், இரண்டு எட்டுப் பின்னால் போய், நடுவில் ஒரு குடம் நிற்கிற அளவுக்குத் தரையை விட்டு, அதற்குப் பின்னால் தன் குடத்தை வைத்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், தங்கள் குடத்தை அவளுக்குப் பின்னால் வைத்தார்கள்.

மேல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு வந்து, அந்தக் காலி இடத்தைப் பார்த்து, நல்லதாகப் போயிற்று என்று அதில் தன் குடத்தை வைக்கப் போனாள். கற்பகம் காலை நீட்டித் தடுத்தாள்.

"பின்னால போம்மா. அங்க ஆள் கீது."

"எங்கக்கா ஆளு? கொடத்தையே காணோமே?"

"கீதுன்னா கீது. நீ பின்னால போ."

பூங்காவனம் திரும்பிப் பார்க்கவில்லை. லாரிக்காரன் குழாயைத் திறந்தான். வரிசை நகர்ந்தது. அவள் தன் குடத்தைக் காலால் முன்னே தள்ளினாள், அதன் பின்னாலேயே அந்தக் காலி இடமும் ஒரு குடம் அளவுக்கு முன்னால் நகர்ந்தது.